மட்டுறுத்துனர் சிரித்த பகிடி

நம் கருத்துக்களத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மட்டுறுத்துனர்களுக்கு,

"அண்ணை, உங்கட அனுபவத்தை நாலு வரியில போட்டு விடுங்கோ, எங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்று கேட்டிருந்தீர்கள். நாலு வரியில் போட என்னிடம் ஒன்றும் இல்லை. எந்தச் சொல்லைத் தடுப்பது, எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு ஆளை நிறுத்துவது என்பதெல்லாம் விதிக்கோவையில் இருக்கிறது, எடுத்து வாசியுங்கள். அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மன்னாரில் பிறந்தவன். மொன்றியலுக்கு வந்து பாதி ஆயுளுக்கு மேல் போய்விட்டது. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தேன், அது சோற்றுக்கு. இந்தக் களத்தில் சம்பளமில்லாமல் செய்த மட்டுறுத்துனர் வேலையைத்தான் என் உத்தியோகம் என்று நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். 'திருக்கை' என்ற பெயரில் எழுதினேன். வாலால் ஒரு அடி போட்டால் ஆள் எழும்பாது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது எனக்கு உச்சி குளிரும். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

லண்டனிலிருந்து ஒரு உறுப்பினர் விவாதத் திரி ஒன்று திறந்தார். 'நான் பார்க்காத தொலைக்காட்சிக்கு நான் ஏன் கட்டணம் கட்ட வேண்டும்?' அங்கே வீட்டில் தொலைக்காட்சி வைத்திருந்தால் பொது ஒலிபரப்புக்கென்று உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடிதத்துக்கு மேல் கடிதம் வரும். மனுசன் அந்தக் கடிதங்களையெல்லாம் படம் பிடித்துப் போட்டு, கொதித்துப்போய் எழுதியிருந்தார். உடனே சுவிஸ்காரர்கள் வந்தார்கள், ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், எங்களுக்கும் இதே கரைச்சல் என்று. கனடாக்காரர்களாகிய நாங்கள் சும்மா இருப்போமா? எங்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் வரியிலிருந்து போகிறதே என்று நாங்களும் குதித்தோம்.

நானும் குதித்தேன். மட்டுறுத்துனர் என்றால் கருத்துச் சொல்லக்கூடாது என்று விதி இல்லைதானே. என் வீட்டில் ஓடுவது தமிழ் சனல், அதற்கு நான் தனியாகக் கட்டுகிறேன், எனக்குப் புரியாத பிரெஞ்சில் யாரோ பாட்டுப் போடுவதற்கு என் வரி எதற்கு என்று எழுதினேன். பத்துப் பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் பொல்லாத சாமான், பிள்ளைகளே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோற்றை ஒரு கையால் பிசைந்துகொண்டு மற்றக் கையால் பதில் எழுதுவேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒரேயொரு ஆள். களத்தில் பெயர் 'நாணல்'. எழுத்து ஆறுதலாக, பதறாமல் இருக்கும், ஒருவரையும் நீ வா போ என்று கதைக்காது. விபரத்தோடு எழுதும் ஆள் என்பதால் எல்லோரும் 'நாணல் அண்ணை' என்று ஆணாகவே நினைத்து வைத்திருந்தோம். விபரத்தோடு எழுதினால் ஆண்தான் என்று யார் எங்களுக்குச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் எங்கள் மண்டை. பொது வானொலி இல்லாவிட்டால் காசு வராத நிகழ்ச்சியை எவன் செய்வான், தூர இடத்துச் செய்தியை எவன் சொல்வான் என்று நாணல் கேட்கும். நாங்கள் நக்கலடிப்போம். அடுத்த நாள் அது திரும்பவும் வந்து ஆறுதலாக எழுதும். அந்த ஆறுதல்தான் எனக்கு விசரைக் கிளப்பியது.

ஒருநாள் நாணல் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதியது. தனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பிள்ளை, மூன்றரை வயது, வாய் திறந்து ஒரு சொல் கதைப்பதில்லை. வீட்டில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி வேலை, வரும்போது களைத்து விழுந்து வருவார்கள், பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சமையலைப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நாங்கள் எல்லோரும் அப்படித்தானே என்றும் எழுதியிருந்தது. பொது வானொலியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒரு நிகழ்ச்சி. அதில் கதை சொல்பவர் பிரெஞ்சில், "கதவைத் தட்டுகிறது யார்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருப்பாராம். ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, ஒருநாள் எழும்பி வானொலிப் பெட்டிக்குக் கிட்டப் போய் "முவா" என்றதாம். நான் என்று அர்த்தம். அது அந்தப் பிள்ளை கதைத்த முதல் சொல்.

'என் வரியில் எவ்வளவு அந்தச் சொல்லுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. போனது போகட்டும்' என்று முடித்திருந்தது நாணல்.

பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. அவ்வளவு கவனமாக எழுதப்பட்ட பதிவு. அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? 'கண்ணீர்க் கதை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்.' எழுதிவிட்டு நல்லதொரு அடி போட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீரும் றோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கைபேசியைத் திறந்தால், எங்கள் பக்கத்து ஆள் 'வெடிவால்' அதே திரியில் ஒரு பதிவு போட்டிருக்கிறார். பழைய உறுப்பினர், களத்தின் பெரிய பகிடிக்காரர், என்னோடு நல்ல ஒட்டு. பதிவு மரண அறிவித்தல் வடிவத்தில் இருந்தது. கறுப்புக் கரை, மேலே குத்துவிளக்கு, எல்லாம் முறைப்படி.

'அரசாங்கத்தைப் பிறப்பிடமாகவும் எங்கள் வரிப்பணத்தை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் பொது ஒலிபரப்பு அவர்கள் கேட்பாரின்றிக் காலமானார். அன்னார், உரிமக் கட்டணத்தின் பாசமிகு மகனும்' என்று தொடங்கியது. எனக்கு றோல்ஸ் தொண்டைக்குள் போகவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. கீழே இன்ன ஊர் இன்னாரின் மருமகன், இன்னார் இன்னாரின் மைத்துனர், பார்க் எக்ஸ்டென்ஷனில் இன்ன தெருவில் இன்ன கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், பணிபுரியும் திருமதி இன்னாரின் ஆருயிர்க் கணவர் என்று நீளமாகப் போய், 'தகவல்: நாணல் (மனைவி)' என்று முடிந்திருந்தது.

நாணல் அண்ணையைப் பெண்சாதி ஆக்கிப்போட்டான் என்று களம் முழுக்க ஒரே சிரிப்பு. நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். மரண அறிவித்தல் என்றால் பத்துப் பெயர் இருக்கும்தானே, பகிடிக்குப் பத்துப் பெயரைச் சோடித்திருக்கிறான் என்று நினைத்தேன். மேசையில் இருந்த நாலைந்து பேருக்குக் கைபேசியைத் தூக்கிக் காட்டினேன். அதோடு நிற்கவில்லை. மட்டுறுத்துனர் அடையாளத்தோடு, அதற்குக் கீழே நாலு சிரிப்பு முகம் போட்டு, 'அன்னாரின் ஆத்மா சாந்தியடையக்கூடாது' என்று எழுதினேன்.

அரை மணித்தியாலத்தில் கைபேசி அடித்தது. எங்கள் இன்னொரு மட்டுறுத்துனர், திருகோணமலைப் பிள்ளை, புரோசார்டில் இருக்கிறார். உங்களில் பலருக்கு இப்போது அவர்தான் தலைமை. அந்தச் சனி ஞாயிறு பணியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"அண்ணை, வெடிவாலின்ர பதிவைப் பாத்தனீங்களோ?"

"ஓமோம். சிரிச்சு வயிறு நோகுது."

"அதைத் தூக்க வேணும் அண்ணை."

"ஏன்? தூசணம் ஒண்டும் இல்லையே."

"அந்தப் பேருகள் சும்மா போட்ட பேருகள் மாதிரித் தெரியேல்லை. தெருவின்ர பேர் சரி. அந்தத் தெருவில அந்தப் பேரில ஒரு கார்டெரி இருக்கு, இப்பதான் தேடிப் பாத்தனான். உது பகிடி இல்லை அண்ணை, ஆரோ ஒராளின்ர விலாசம்."

"தங்கச்சி, நாணல் ஒரு ஆம்பிளை. நீர் சும்மா பயப்பிடுறீர். பகிடியைப் பகிடியா விடும்."

"நீங்கள் ஓமெண்டு சொன்னா நான் இப்பவே அழிக்கிறன்."

"பேந்து பாப்பம்" என்று வைத்துவிட்டேன்.

மூத்த உறுப்பினர் ஒருவரின் பதிவை அழிக்க இரண்டு மட்டுறுத்துனர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி உங்களுக்கும் இருக்கிறது. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். ஒரு ஆளின் விருப்பு வெறுப்புக்குக் களம் ஆடக்கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தேன். அன்றைக்கு என் விருப்புக்குத்தான் களம் ஆடியது, அந்த விதியை வைத்தே ஆடியது. அந்தத் தங்கச்சி கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாகப் போனது.

பின்னேரம் என் பெட்டிக்கு நாணலிடமிருந்து ஒரு தனிமடல் வந்தது. பெயரை மட்டும் பார்த்தேன். தோற்ற ஆள் முறைப்பாட்டோடு வந்திருக்கிறார், நாளைக்குப் பார்ப்போம் என்று திறக்காமல் விட்டேன். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய்விட்டேன். பண்டகசாலையில் கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துத் திறந்தேன்.

'ஐயா, அதில் இருப்பது என் சொந்தப் பெயர், என் வீட்டாரின் பெயர்கள், என் வேலைத்தலம். தயவுசெய்து உடனே நீக்குங்கள். நான் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்பவள்.'

அதற்குக் கீழே காலை ஏழு மணிக்கு இன்னொன்று. 'ஐயா, தயவுசெய்து.' அதற்குக் கீழே ஒன்பதரைக்கு இன்னொன்று. 'இனி அவசரமில்லை.'

அழித்தேன். பதிவு ஞாயிறு மத்தியானத்திலிருந்து திங்கள் மத்தியானம் வரைக்கும் அங்கே இருந்திருக்கிறது, கீழே என் சிரிப்போடு. அதற்குள் அது படமாகி வட்ஸ்அப் குழுக்களில் ஊர் சுற்றிவிட்டது. ஒருவர் மேல் பாதியை வெட்டிவிட்டு அனுப்ப, மட்டக்களப்பில் இருக்கிற சொந்தக்காரர்கள் அந்தப் பெண்ணின் கணவர்தான் செத்துப்போனார் என்று நினைத்து அழுதுகொண்டு தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற மனுசன், தான் உயிரோடு இருப்பதாகத் தன் தாய்க்குச் சொல்ல வேண்டி வந்தது. வெடிவாலுக்கு அந்தக் குடும்பத்தை ஊரில் தெரியுமாம், நாணல் யார் என்பதும் அவர்கள் வழியாகத்தான் தெரிந்ததாம், அதுதான் எல்லாப் பெயரும் சரியாக விழுந்திருக்கிறது. பிறகு கேட்டபோது, "சும்மா ஒரு பகிடிதானே, இதுக்குப் போய்" என்றார். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் உண்மையான நாசம் அதுவல்ல. நாணல் யார் என்று தெரிந்தவுடனே நாணல் எழுதிய பிள்ளை யார் என்றும் தெரிந்துவிட்டது. அந்தக் கார்டெரியில் வாய் திறக்காமல் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான். திங்கள் காலை அந்தப் பிள்ளையின் தாய் நேராக நிர்வாகியிடம் போனார். பிள்ளைகளைப் பற்றிய விபரத்தை வெளியில் சொல்வது அந்த வேலையில் பெரிய குற்றம். ஒன்பது மணிக்கு, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் முதலில் என்ன செய்தேன் என்றால், குறுக்கு வழி தேடினேன். தாய் முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தால் வேலை பிழைக்கும், என் பெயரும் வெளியில் வராது. விசாரித்துக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனில் அவரின் வீட்டுக்குப் போய் மூன்று மாடி ஏறினேன். யாழ்ப்பாணத்துப் பெண், வேலைச் சீருடை மாற்றாமல் கதவைத் திறந்தார். களத்தின் மட்டுறுத்துனர் என்றேன்.

"ஓ, சிரிச்ச ஆள்" என்றார்.

உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றுதான் கதைத்தோம்.

"அந்தக் கதையை நான் முதலே வாசிச்சனான் அண்ணை. எங்கட வட்ஸ்அப்பில ஆரோ போட்டவை. வாசிச்சிட்டு அழுதனான். ஆரோ ஒரு தாய், என்னை மாதிரி ஒருத்தி, அவளின்ர பிள்ளை கதைச்சிட்டுது எண்டு சந்தோசப்பட்டனான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பேர் எனக்கு எடுத்து, உம்மட பெடியன் கதைக்கமாட்டானாமே, நீர் போனைக் குடுத்திட்டுப் படுக்கிறீராமே எண்டு கேக்கினம். அப்பதான் எனக்கு விளங்கினது, அது நான்தான் எண்டு."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"ரீச்சரில எனக்குக் கோபம்தான். என்ர பிள்ளையை அவ எழுதியிருக்கக்கூடாது. ஆனா அவ எழுதினதில நான் இருக்கேல்லை. நீங்கள் எல்லாரும் சேந்துதான் என்னைப் பிடிச்சு அதுக்குள்ள விட்டனீங்கள்."

"நீங்கள் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தால், அவவின்ர வேலை..."

"நான் எடுக்கிறன். அந்த நாலு பேரும் கேட்டதைத் திருப்பி எடுப்பினமோ?"

கதவைச் சாத்திவிட்டார். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார்.

மூன்றாம் நாள் நாணல் என்னைச் சந்திக்கக் கேட்டார். பார்க் மெட்ரோவுக்குப் பக்கத்துக் கோப்பிக்கடை. எத்தனையோ வருடமாக நான் சண்டை பிடித்த ஆள், என் மூத்த மகளைவிட நாலைந்து வயது கூடின ஒரு பெண். மெலிந்த உருவம், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தது.

"நீங்கதானா திருக்கை? நான் இன்னும் உசரமான ஆள் எண்டு நினைச்சிருந்தன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நான் உங்களோட சண்டை பிடிக்க வரல்ல அண்ணன். எனக்கு ஒரு கடிதம் வேணும். நான் எழுதினதில பிள்ளைய அடையாளம் பிடிக்க ஒண்டும் இரிக்கல்ல எண்டும், என்ட பேர் வெளியில போனது எப்பிடி எண்டும் களத்தில இரிந்து ஒரு ஆள் கையெழுத்து வச்சுத் தரணும். விசாரணையில அத வைக்கணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

நான் புத்திசாலிதானே, ஒரு கடிதத்தை ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 'தொழில்நுட்பக் காரணங்களால் மேற்படி பதிவை நீக்குவதில் தாமதம் ஏற்பட்டமைக்கு வருந்துகிறோம். இங்ஙனம், களத்தின் நிர்வாகம்.' அவர் வாசித்தார். இரண்டாம் தரம் வாசித்தார். மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அண்ணன், கொம்பியூட்டரா சிரிச்சது?"

அவ்வளவுதான் கேட்டார். கோப்பி அப்படியே இருக்க எழும்பிப் போய்விட்டார்.

பிள்ளைகளே, நான் எத்தனையோ பேரை இந்தக் களத்திலிருந்து தூக்கி எறிந்திருக்கிறேன். என்னை ஒருவரும் அப்படித் தூக்கி எறிந்ததில்லை. கடைக்காரர் வந்து மேசையைத் துடைக்கும்வரைக்கும் அந்தக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்று மாலை மட்டுறுத்துனர்களின் இணைய அறையில் சொன்னேன், சொந்தப் பெயரில் உண்மையை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று. துள்ளி விழுந்தார்கள். மட்டுறுத்துனரின் சொந்தப் பெயர் வெளியில் போகக்கூடாது என்பது களத்தின் அடிப்படை விதி, நாளைக்கு வழக்கென்று வந்தால் யார் பதில் சொல்வது, உனக்கென்ன விசரா என்று கேட்டார்கள். எங்கள் பெயரைக் காப்பாற்ற எவ்வளவு விதி வைத்திருக்கிறோம் பாருங்கள்! ஒரு பெண்ணின் பெயர், வேலை, வீட்டார் எல்லாம் ஒரு நாள் முழுக்கத் தெருவில் கிடந்தபோது இந்த விதிக்கோவை எங்கே போனது? புரோசார்ட் தங்கச்சி ஒருவர்தான், "எழுதுங்கோ அண்ணை, நானும் கீழ கையெழுத்து வைக்கிறன்" என்றார். அவருக்குக் கையெழுத்து வைக்க ஒரு தேவையும் இல்லை. பதிவைத் தூக்கச் சொன்னவரே அவர்தானே.

கடிதத்தைப் பிரெஞ்சில் எழுத வேண்டும். எனக்கு அந்தளவு பிரெஞ்சு கிடையாது. மகள்தான் கணினிக்கு முன்னால் இருந்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். 'ஞாயிறு மத்தியானம் அந்தப் பதிவைக் கண்டேன். சிரித்தேன். ஆலயத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினேன். அது ஒருவரின் உண்மையான விலாசம் என்று சக மட்டுறுத்துனர் சொன்னபோது அழிக்க மறுத்தேன். பாதிக்கப்பட்டவரின் மடல் வந்தபோது திறக்கவில்லை. அவர் எனக்கு எதிரான கருத்துடையவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.' அந்த இடத்தில் மகளின் கை நின்றது.

"அப்பா, இதையும் எழுதத்தான் வேணுமோ?"

"எழுது."

எழுதினாள். முடித்ததும் என்னைப் பார்க்காமல் எழும்பிப் போனாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

கடிதம் போனது. தாயும் முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தார், அது நான் கேட்டதற்காக அல்ல என்று பிறகு சொல்லி அனுப்பினார். நாணலை வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் பிள்ளைகளின் அறைக்குள் விடவும் இல்லை. சமையலறையிலும் துப்புரவிலும் போட்டார்கள், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூப்பிட, இந்தப் பக்கம் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவர், ஒருநாள் தானாகவே விலகினார். இப்போது ஒரு பண்டகசாலையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார். வாயே திறக்காத பிள்ளையைக் கதைக்க வைக்கத் தெரிந்த ஒரு ஆள் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிறார்! இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யார் மேல் கொதிக்கிறது என்று கேட்காதீர்கள்.

அந்த வருடத்தோடு நான் மட்டுறுத்துனர் வேலையை விட்டேன். வயது போய்விட்டது என்று களத்தில் அறிவித்தார்கள். பாராட்டுத் திரி ஒன்று திறந்து நாலு பக்கத்துக்கு வாழ்த்தினார்கள். வெடிவாலும் வாழ்த்தியிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆபாசத்தை அழிப்பது வேலையே இல்லை, அதை இயந்திரமும் செய்யும். உங்கள் கட்சிக்காரன், உங்கள் ஊர்க்காரன், நீங்கள் சொல்ல நினைத்ததையே உங்களைவிட வடிவாகச் சொல்கிறவன், அவன் ஒரு அநியாயம் செய்யும்போது உங்களுக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும். அந்தச் சிரிப்பு வந்தால் கையை எடுத்துவிட்டு, உங்களோடு ஒத்துப்போகாத மட்டுறுத்துனர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் சொன்னதைச் செய்யுங்கள். இதே அறிவித்தலை எதிர்ப்பக்கத்து ஆள் என்னைப் பற்றிப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு ஆளையும் துரத்தியிருப்பேன். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவும் எழுத அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "என்னப் பத்தி எழுதாதீங்க, உங்களப் பத்தி எழுதுங்க" என்றார். அதனால் புனைபெயர்களையும் வேறு சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். யாரும் தேடிப் பிடிக்க வெளிக்கிட வேண்டாம்.

ஆனால் திரி எது என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அது இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. வெடிவாலின் பதிவையும் அதற்குக் கீழே சிரித்த பதில்களையும் அடியோடு அழித்துவிட்டோம். ஆகவே இப்போது வாசிக்கிறவருக்குத் தெரிவது, நாணல் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறது, நான் கணக்கைக் காட்டச் சொல்கிறேன், அதற்குப் பிறகு நாணல் இல்லை. நான் வென்றதுபோலத்தான் இருக்கிறது. போன கிழமை உங்களில் ஒருவர் அந்தத் திரியைத் தூசி தட்டி மேலே கொண்டுவந்து, 'கணக்குக் கேட்டதும் ஆள் ஓட்டம்' என்று எழுதி இரண்டு சிரிப்பு முகம் போட்டிருக்கிறீர்கள். மட்டுறுத்துனர் அடையாளத்தோடு. உங்களில் இன்னும் மூன்று பேர் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டார். புரோசார்ட் தங்கச்சி அதைத் தூக்கிவிடவா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம், தூக்கினால் ஏன் என்று கேட்பார்கள், திரும்பவும் தேடத் தொடங்குவார்கள், அப்படியே கிடக்கட்டும் என்று பதில் வந்ததாம். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லக்கூட அவருக்கு வழியில்லாமல் செய்துவிட்டோம்.

ஆகவே அதற்குக் கீழே ஒருவரும் விளக்கம் எழுத வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். எழுதியவர் யாரோ அவரே தன் பதிவைத் தானே, சத்தமில்லாமல் எடுத்தால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எனக்கு அதற்கு ஒரு முழு நாள் எடுத்தது. உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று திரியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.